ஏழு வீட்டுப் பிள்ளையின் விரதம்

போன யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெங்களூரில் சாமராஜப்பேட்டையில் நாங்கள் குடியிருந்தோம். அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் பெண் இந்த ஜூன் மாதம் மதராஸில் காலேஜில் சேரப் போகிறாள். அவளுக்குப் பெட்டி அடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வருகிறது. நான் நாலாம் கிளாஸோடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் அகத்துக்காரருக்கு அப்போது மைசூர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசற்படியைத் தாண்டினால் கன்னடம் என்று இரண்டு தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த நாளில் வெளியூரிலிருந்து வந்து காலேஜில் படிக்கிற, வசதியில்லாத பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாடு என்று ஓர் ஏற்பாடு உண்டு. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஒரு வீடு என்று வாரத்துக்கு ஏழு வீடு பிடித்துக்கொள்வார்கள். காலையில் காலேஜுக்குப் போகுமுன் அந்த நாளைக்கு உரிய வீட்டில் இலை போடுவார்கள். ராத்திரிக்குத் தயிர்சாதமோ இரண்டு தோசையோ தூக்கில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். படுக்கை, படிப்பு எல்லாம் வேறெங்காவது ஓர் அறையில்.

எங்கள் வீடு அந்தப் பையனுக்குத் திங்கட்கிழமை வீடு. பதினாறு வயசு. ஆனேக்கல் தாலுக்காவில் சந்தாபுராவுக்கு உள்ளடங்கிய ஒரு கிராமம். தகப்பனார் அங்கே ஒரு சின்னச் சிவன் கோயிலில் பூஜை செய்கிறவர். பையனை எல்லாரும் அம்பி என்றுதான் கூப்பிட்டோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆனி மாதத்தில் தகப்பனார் அவனை அழைத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் ஏறி இறங்கினார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, பிள்ளையை எப்படியெல்லாம் தயார் செய்திருக்கிறார் என்று என் அகத்துக்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிளேக் ஊசி போட்டாயிற்று. சுவாமி பாதத்தில் வைத்த ரட்சையைக் கையில் கட்டியாயிற்று. சுக்குப்பொடி, ஓமம், விளக்கெண்ணெய் எல்லாம் மூட்டையில் இருக்கின்றன. கெம்பாம்புதி ஏரியில் இறங்கிக் குளிக்கக் கூடாது. ஹோட்டலில் கால் வைக்கக் கூடாது. செத்த எலி எங்கே கிடந்தாலும் அந்தச் சந்திலேயே போகக் கூடாது. நானும் என் பங்குக்கு, பெங்களூர்க் குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன்.

கிளம்பும் சமயம் எல்லார் காதிலும் விழும்படி அவர் பையனிடம் சொன்னார்:

"இதோ பார். யார் ஆத்துலயும் இது வேணும், அது வேண்டாம்னு சொல்லப்படாது. போட்டதைச் சாப்பிடணும். தலைவலி, ஜுரம்னு யார்கிட்டயும் புலம்பப்படாது. எலி விழற ஊர். ஒரு ஆத்துல ஜுரம்னு சொன்னா ஏழு ஆத்துக் கதவும் சாத்திடும். அப்புறம் படிப்புமில்லை, கிடிப்புமில்லை."

நியாயமான பேச்சு என்றுதான் அப்போது எங்களுக்குப் பட்டது. அந்த வருஷங்களில் பேட்டையில் ஒரு வீட்டில் எலி செத்து விழுந்தால், பிளேக் என்று தெருவே காலியாகும். ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக்கொண்டு குடித்தனம் செய்துவிட்டு வந்தவர்கள் நாங்களும்தான். ஜுரம் என்ற வார்த்தையை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

அம்பி நல்ல பிள்ளை. சரியான நேரத்துக்கு வருவான், கால் அலம்புவான், இலைக்கு முன் உட்கார்ந்தால் தலையைத் தூக்க மாட்டான். சாப்பாடு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. வளர்கிற பிள்ளைதானே. வியாழக்கிழமை வீட்டு மாமி அதைச் சொல்லியே அவனைப் படுத்துவாள். அடுத்த தெருவில் இருந்தாள், பென்ஷன்காரர் பெண்டாட்டி. குழந்தைகள் எல்லாம் கல்யாணமாகி வெளியூரில். கோயில், குளம், திதி, நட்சத்திரம் எதிலும் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. வாய் ரொம்ப நீளம்.

"ஏண்டா அம்பி, உங்க ஊர்ல நெல்லே விளையறதில்லையா? இல்லே, இருந்ததையெல்லாம் நீ தீர்த்துட்டுத்தான் இங்கே வந்தியா?" என்பாள். சொல்லிக்கொண்டே மூன்றாந்தரம் சாதம் போடுவாள். பையனுக்கு ஏழு வீட்டில் அவளிடம்தான் பயம்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. மழைத் தூறல். அம்பி வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. வாசற்தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"மாமி, இன்னிக்குக் கார்த்திகைச் சோமவாரம். விரதம் இருக்கேன். ஒரு டம்ளர் மோர் மட்டும் போறும். ராத்திரிக்கு அறையிலேயே அவல் நனைச்சுச் சாப்பிட்டுக்கறேன்."

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. காலேஜுக்கு வந்தால் பிள்ளைகள் சந்தியாவந்தனத்தையே மறந்துவிடுகிற காலத்தில், சோமவாரம் இருக்கிறது ஒன்று. மோரும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தேன். மோரைக் குடித்தான். பழத்தைத் தொடவில்லை. கண் சிவந்திருந்தது, முகம் வாடியிருந்தது. விரதக் களை என்று நினைத்தேன். காலை வேளையில் மடியுடுத்திச் சமைக்கிறவர்கள் வெளியிலிருந்து வருகிறவர்களைத் தொடுவதில்லை. எட்ட நின்றுதான் பரிமாறுவோம். அன்றைக்கும் எட்டத்தான் நின்றேன்.

"உங்க பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கோ," என்று என் அகத்துக்காரரிடம் சொன்னேன். எங்கள் மூத்தவனுக்கு அப்போது நாலு வயசு.

அந்த வெள்ளிக்கிழமை பிரதோஷம். சாயங்காலம் பேட்டைச் சிவன் கோயிலில் நல்ல கூட்டம். பிரதட்சிணம் முடித்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வியாழக்கிழமை மாமி. அவளுக்கு அந்தண்டை அம்பியின் புதன்கிழமை வீட்டு அம்மாள். அவள் கன்னடக்காரி. பேச்சு பிள்ளைகள் வளர்ப்பைப் பற்றித் திரும்பிற்று. நான் சும்மா இருக்கக் கூடாதா? பெருமையாக ஆரம்பித்தேன்.

"நம்ம அம்பியைப் பாருங்கோ மாமி. சோமவார விரதம் இருக்கான். பச்சைத் தண்ணி மாதிரி ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான்."

மாமி திரும்பிப் பார்த்தாள். "சோமவாரமா? எங்காத்துல நேத்து குருவார விரதம்னானே."

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். "அப்போ ரெண்டு விரதம் இருக்கான் போலிருக்கு."

கன்னட அம்மாளுக்கு நாங்கள் பேசுவது புரியும். "மொன்னெ நம்ம மனேலூ ஊட்டா பேடா அந்த," என்றாள். முந்தாநாள் எங்கள் வீட்டிலும் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான் என்று அர்த்தம். புதன்கிழமை ஏகாதசி. ஏகாதசி என்று சொன்னானாம். அவர்கள் வீட்டில் எல்லாருமே அன்றைக்கு உபவாசம், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாமி கையிலிருந்த வில்வ இலையைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறிற்று.

"நேத்து துவாதசிடீ."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"ஏகாதசி பட்டினி கிடந்தவன் துவாதசியன்னிக்குக் காலம்பர முதல் வேலையா சாப்பிட்டுப் பாரணை பண்ணணும். கோயில் பூஜை பண்றவர் பிள்ளைக்கு இது தெரியாதா? துவாதசியில எவனாவது குருவாரம்னு மறுபடி பட்டினி கிடப்பானா? நானும் ஒரு மடைச்சி, கேட்டுண்டு சும்மா இருந்தேனே. மூணு தடவை சாதம் வாங்கற பிள்ளை." அவள் எழுந்துவிட்டாள். "விரதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவனுக்கு உடம்பு சரியில்லை. எழுந்திரு."

நடை சாத்தக்கூட நாங்கள் காத்திருக்கவில்லை. வழியில் செவ்வாய்க்கிழமை வீடு. மாமி வாசலில் நின்றே கேட்டாள். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விரதம் என்றானாம். வெள்ளிக்கிழமை வீட்டில் அன்று காலையில் அவன் வரவே இல்லை. எங்கேயாவது சிநேகிதன் வீட்டில் சாப்பிட்டிருப்பான் என்று இருந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் பட்டினி. ஒரு நாள் பட்டினி கிடந்தால் யார் என்ன நினைக்கப் போகிறார்கள்? சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

என் அகத்துக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு அவன் அறைக்குப் போனோம். ஒரு விறகு மண்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை. கூட இருந்த பையன் எலிக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டிருந்தான். கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்பி பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். உதடு வெடித்து, நாக்கு வெள்ளையாக, கண் பாதி திறந்து. கூஜாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. அந்த நிலையிலும், "இன்னிக்கு வெள்ளிக்கிழமை விரதம் மாமி," என்றான்.

"விரதம்தான், தெரியறது, பேசாம இரு," என்றாள் மாமி.

எனக்குக் கால் உள்ளே போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் நாலு வயசுக் குழந்தை. ஜுரம் என்றால் பிளேக் என்றுதான் அந்த நாளில் முதலில் மனசு போகும். மாமி பிரதோஷத்துக்கு என்று மடியாகப் புடவை கட்டிக்கொண்டு வந்தவள். துவைக்காத துணி மேலே பட்டால்கூட மறுபடி குளிக்கிறவள். அவள் நேரே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அவன் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு சட்டைக்குள் கையை விட்டு இரண்டு அக்குளிலும் அழுத்திப் பார்த்தாள்.

"இங்கே கட்டி இல்லை. நீங்க வந்து தொடை இடுக்குல பாருங்கோ," என்று என் அகத்துக்காரரிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் பார்த்தார். இல்லை.

ஜட்கா கூப்பிடப் போனால் வண்டிக்காரர் கதவண்டை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"அய்யய்யோ, பிளேக் கேஸா? வேணாம் சாமி. நான் புள்ளகுட்டிக்காரன்."

"கட்டி இல்லேப்பா, நான் கையை வெச்சுப் பார்த்தாச்சு. அவன் தலையை என் மடியில போட்டுண்டு நானே வண்டிக்குள்ள உக்காந்துண்டு வரேன். எனக்கு வந்தப்புறம் உனக்கு வரட்டும், போறுமா?"

அவர் மறுபடி கதவண்டை வந்தார். "நீங்களே குந்துறீங்கன்னா எனக்கு என்னாம்மா, ஏத்துங்க," என்றார். என் அகத்துக்காரரோடு கைகொடுத்துப் பையனைத் தூக்கியவரும் அவர்தான்.

மாமி வீட்டுக்கே கொண்டுபோனோம். பேட்டை டாக்டர் வந்தார். விஷ ஜுரம், டைபாய்டு என்றார். பிளேக் இல்லை என்று கேட்டதும் எனக்கு இருந்த நிம்மதி, அவர் அடுத்துச் சொன்னதில் போய்விட்டது. உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான், இப்போதும் நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கெட்டியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பார்லிக் கஞ்சி, மோர்த்தெளிவு, இவ்வளவுதான். இந்த ஜுரத்தோடு ஏழு வீட்டிலும் வழக்கம்போல் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் குடல் ஓட்டையாகிப் போயிருக்கும் என்றும் சொன்னார்.

மாமி அதைக் கேட்டுவிட்டுப் பூஜை உள்ளைப் பார்த்தாள். "பொய்யாச் சொன்ன விரதமானாலும் அத்தனை சுவாமியும் அதை எடுத்துண்டா போலிருக்கு," என்றாள்.

கார்த்திகை முழுக்க அப்படியே போயிற்று. மாமியும் நானும் முறை வைத்துக்கொண்டு பார்த்தோம். ஜுரம் ஏறும், இறங்கும். இரண்டு தடவை, போய்விட்டான் என்றே நினைத்தோம். நான் சிவனுக்கு வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டு கஞ்சியும் காய்ச்சினேன். மார்கழி பிறந்தபோது ஜுரம் விட்டது. ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது அவனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏண்டா அம்பி, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"ஜுரம்னு சொன்னா கதவைச் சாத்திடுவான்னு அப்பா சொன்னார் மாமி. விரதம்னா யாரும் கேள்வி கேக்க மாட்டா." கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்: "சனிக்கிழமை பெருமாள் விரதம்னு யோசிச்சு வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாப் போயிடும்னு நினைச்சேன்."

தகப்பனாருக்குச் சந்தைக்குப் போகிற வண்டிக்காரர் ஒருவர் மூலம் முதல் வாரமே சொல்லி அனுப்பியிருந்தோம். அன்றே வந்துவிட்டார். கோயிலை யாரிடம் விட்டுவிட்டு வந்தாரோ தெரியாது. பிள்ளை தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மாமி விடவில்லை.

"ஊசி போட்டேள், ரட்சை கட்டினேள், சுக்கு ஓமம் எல்லாம் கட்டிக் கொடுத்தேள். வாயை மட்டும் ஏன் ஸ்வாமி தைச்சு அனுப்பினேள்?"

அவர் கோபப்படவில்லை. "நான் சொன்னது பொய்யில்லையே அம்மா," என்றார். "போன வருஷம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஜுரம்னு சொன்னான். அன்னிக்கே சாப்பாடு நின்னுபோச்சு. நடந்தே ஊர் திரும்பினான். அதைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

மாமி பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த வாரமே சனிக்கிழமை வீட்டிலிருந்து, குழந்தைகள் இருக்கிற இடம், இனிமேல் பையனை அனுப்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது ஞாபகம் வந்ததோ என்னவோ, எழுந்து கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமை வீட்டாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த விறகு மண்டி அறை வாசலில் என் கால் நின்றது எனக்குத் தெரியும்.

பையனை ஊருக்கு அழைத்துப்போய்த் தேற்றி, தை மாதம் தகப்பனார் திரும்பக் கொண்டுவந்து விட்டார். தலைமுடி எல்லாம் உதிர்ந்து, சட்டை தொளதொள என்று தொங்க, அவர் பின்னாலேயே வந்தான். ஆனி மாதத்தில் வந்த மாதிரியே மறுபடி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார்கள். எங்கள் கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை மூட்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"இவனுக்கு இனிமே விரதம் ஒண்ணும் கிடையாது," என்றார். "படிச்சு முடிக்கிறவரைக்கும் இவன் விரதத்தையெல்லாம் நான் இருந்துக்கறேன்னு ஸ்வாமிகிட்டச் சொல்லிட்டேன். அவன் விரதம்னு சொன்னா நம்பாதீங்கோ. தொட்டுப் பாருங்கோ. ஜுரம் இருந்தா உங்களுக்கு இஷ்டப்படி செய்யுங்கோ. கதவைச் சாத்தினாலும் சாத்துங்கோ. எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டுச் சாத்துங்கோ."

என் அகத்துக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சமையலறையில் வேலை இருந்தது. போய்விட்டேன்.

சனிக்கிழமையையும் வியாழக்கிழமை மாமியே எடுத்துக்கொண்டாள். "வாரத்துல ரெண்டு நாள் இவன்கிட்ட அகப்பட்டுண்டா எங்காத்து அரிசிப் பானை என்னத்துக்கு ஆகும்!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்பி படித்துப் பாஸ் பண்ணி, சிவமொக்கா பக்கம் உத்தியோகத்துக்குப் போனான். மாமி காலமானபோது வந்து பன்னிரண்டு நாளும் இருந்துவிட்டுப் போனான்.

இப்போது என் பெண்ணுக்கு டைபாய்டு ஊசி போட்டாயிற்று. ஹாஸ்டலில் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுப்பார்களா என்று விசாரித்தாயிற்று. ஊறுகாய், பொடி, கம்பளி, விபூதிப் பை எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. அவளுக்கு நான் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு உடம்பு சரியில்லை, வந்து பாருங்கள் என்று உரக்கச் சொல்லிக் காட்டு என்றேன். அவள் சிரித்தாள்.

"என்னம்மா, நாடகத்துக்குப் பாடம் பண்ற மாதிரி!"

"சொல்லு," என்றேன். சொன்னாள். போதாது, இன்னும் உரக்க என்றேன். பக்கத்து வீட்டில் கேட்கும் என்றாள். கேட்கட்டும், கேட்பதற்குத்தான் சொல்வது என்றேன்.

நான் இன்றைக்கும் சோமவாரம் இருக்கிறேன், பிரதோஷம் தவறினதில்லை. ஆனால் என் வீட்டில் யாராவது இன்றைக்கு விரதம் என்று இலையைத் தள்ளினால், மடியோ விழுப்போ, என் கை முதலில் அவர்கள் நெற்றிக்குத்தான் போகிறது.